பதினோரு நிமிடம்

நேற்று சாயந்திரம் லேப்டாப்பில் வீடியோ பிளேயரை மூடினேன். திரையின் மூலையில் வழக்கம்போல உன் வரி வந்து நின்றது: "இன்னைக்கு 11 நிமிஷம். போதும், போய் சாப்டு." எண்ணை மட்டும் ஸ்கிரிப்ட், அதான் உன் குட்டி புரோகிராம், மாற்றிக்கொள்ளும், மற்றதெல்லாம் நீ எழுதி வைத்தது. நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இன்னும் என்னைச் சாப்பிடப் போகச் சொல்லிக்கொண்டே இருக்கிறாய்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் மாதிரி ஷூ தைக்கும் சாம்பிள் ரூமில் நீயும் நானும் அடுத்தடுத்த மேஜை. வாங்குகிறவர்கள் இத்தாலிக்காரர்கள். அங்கே இரண்டு மாதப் பயிற்சிக்கு ஒருவரை அனுப்பப் போவதாகவும், மொழி ஓரளவு தெரிந்திருக்க வேண்டும் என்றும் மேனேஜர் சொன்னார். எனக்கு அது விமானம் ஏறும் ஆசை. உனக்கு அப்படி இல்லை. பதினான்கு வருடமாக அடுத்தவர் வரைந்த ஷூவையே தைத்தவள், ஒரு ஜோடியாவது நீயே வரைய வேண்டும் என்று இருந்தாய்.

அந்த வாரமே ஸ்கிரிப்டை எழுதிவிட்டாய். இத்தாலிய வீடியோ எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று எண்ணி, தேதி போட்டு ஒரு ஃபைலில் சேர்க்கும். நிறுத்தி வைத்தால் எண்ணாது. "நம்மள நாமே ஏமாத்திக்கக் கூடாது பாரு" என்று சொல்லி என் லேப்டாப்பிலும் போட்டுக் கொடுத்தாய். விஷயம் மேனேஜர் காதுக்குப் போனது. அவருக்கு எண் என்றால் போதும். யாருக்கு நேரம் அதிகமோ அவருக்குத்தான் டிக்கெட் என்று முடிவு செய்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். காலையில் அடுப்பைப் பற்றவைக்கும்போதே வீடியோவை ஓடவிடுவேன். குழம்பு கொதிக்கும், அதுவும் ஓடும். குளிக்கப் போவேன், அதுவும் ஓடும். காதில் விழுந்தால் தானாக வந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நீ மதியச் சாப்பாட்டு நேரத்தில் பார்ப்பாய். ஒரு வரி ஓடும், நிறுத்துவாய். அதே வரியை வாய்க்குள் மூன்று முறை சொல்லிப் பார்ப்பாய், நோட்டில் எழுதுவாய், பிறகுதான் அடுத்த வரி. முக்கால் மணி நேரம் இப்படிப் போனால் ஃபைலில் பத்து நிமிடம் ஏறும்.

"இன்னாடி, இவ்ளோ கம்மியா? இப்படியே போனா உன் பேரன்தான் இத்தாலி போவான்" என்று கிண்டல் செய்தேன்.

"ஓடுறப்ப அவங்க பேசுறாங்க. நிறுத்துனாத்தானே நான் பேச முடியும்" என்றாய். வீட்டில் உருது, வேலையில் தமிழ் என்று பழகிய வாய். மூன்றாவதற்கும் இடம் இருந்தது.

ஒரு வருடம் கழித்து மேனேஜர் இரண்டு ஃபைலையும் பார்த்தார். எனக்கு நானூறு மணி நேரத்துக்கு மேல். உனக்கு நூறு கூட இல்லை. "இதுதான் உழைப்பு" என்று எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். அந்த நூறு எப்படிப்பட்ட நூறு என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. நீயும் திறக்கவில்லை, அன்றைக்குச் சீக்கிரம் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாய், அவ்வளவுதான்.

இத்தாலியில் முதல் வாரமே என் சாயம் வெளுத்தது. லாஸ்ட் என்கிற கால் அச்சின் மேல் தோலை இழுத்து மாட்டியிருந்தார்கள். அங்கிருந்த மாஸ்டர் ஏதோ சொன்னார். தலையை ஆட்டிவிட்டு ஆறு ஜோடியையும் அச்சிலிருந்து கழற்றினேன். நாளை வரை தொடாதே என்று அவர் சொல்லியிருக்கிறார். ஆறும் தொளதொளவென்று உருக்குலைந்து கிடந்தன. அவர் கத்தியதும் எனக்குப் புரியவில்லை. அழுதுகொண்டே உனக்குப் போன் செய்தேன். "அவர்கிட்ட குடு" என்றாய். பத்து நிமிடம் பேசினாய். கடைசியில் அவர் சிரித்துவிட்டு, இந்தப் பெண் ஏன் வரவில்லை என்று என்னிடம் கையை விரித்துக் கேட்டார். அது மட்டும் நன்றாகப் புரிந்தது.

நான் திரும்பி வந்தபோது உன்னை வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவழியாகச் சொன்னேன்: "மேனேஜர்கிட்ட அன்னைக்கே நான் சொல்லியிருக்கணும்."

"ஆமா, சொல்லியிருக்கணும்" என்றாய். பரவாயில்லை என்று நீ சொல்வாய் என எதிர்பார்த்திருந்தேன். சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "சரி, இன்னைக்கு எத்தினி நிமிஷம்?" என்று கேட்டாய். அன்றைக்குப் பார்க்கவே இல்லை என்றேன். "பேஜார் புடிச்சவ" என்றாய். நாம் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

அதற்குப் பிறகுதான் நிறுத்தி நிறுத்திப் பார்க்கப் பழகினேன். உன் நோட்டை உன் தங்கை என்னிடம் கொடுத்தாள். அதன் கடைசிப் பக்கங்களில் வார்த்தைகள் இல்லை, ஒரு பெண்கள் செருப்பின் படம். பட்டை வைத்தது. மூன்று முறை அழித்து வரைந்திருக்கிறாய்.

இந்த வருடம் மறுபடி ஒருவரை அனுப்புகிறார்கள். இப்போது சாம்பிள் ரூமில் இரண்டு பேர் உன் ஸ்கிரிப்டைத்தான் வைத்திருக்கிறார்கள். இன்று காலை மேனேஜர் ஃபைல்களைக் கேட்டார். நான் கதவைச் சாத்திவிட்டு, நானூறு மணி நேரம் எப்படி வந்தது என்று குளிக்கப் போனபோதும் ஓடவிட்டது வரை சொன்னேன். உன் நூறையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"இப்ப சொல்லி இன்னாம்மா பண்றது" என்றார்.

"ஃபைலைத் தள்ளி வெச்சிடுங்க சார். ரெண்டு பேரையும் கூப்ட்டு இத்தாலியன்ல பேச வெச்சுப் பாருங்க" என்றேன்.

நாளைக்குக் கூப்பிடுகிறார். உன் நோட்டையும் அவர் மேஜை மேல் வைத்துவிட்டு வந்தேன், அந்தச் செருப்புப் படம் தெரியும்படி திறந்து.

இன்றும் பதினோரு நிமிடம்தான். உன் வரி மூலையில் நிற்கிறது. இதோ, போய்ச் சாப்பிடுகிறேன்.