எதிரே நின்று பார்த்த தழும்பு

மார்பிள்ஹெட்,
1813 ஏப்ரல் 6

அன்புத் தங்கை கெசையாவுக்கு, அக்கா தபித்தா எழுதுவது. கைதிகளை மாற்றிக்கொள்ளும் கப்பலில் இதை அனுப்புகிறேன். சண்டை உன் இங்கிலாந்து ராஜாவுக்கும் எங்கள் அமெரிக்காவுக்கும்தான், நமக்குள் இல்லை என்று நம்புகிறேன்.

என் பேரன் எபனை மீன்பிடிப் படகிலிருந்து உங்கள் போர்க்கப்பல்காரர்கள் வேலைக்கு இழுத்துப் போய்விட்டார்கள். அமெரிக்கன், உன் ராஜாவின் குடி அல்ல என்பதற்கு அவனிடம் தாள் இருந்தது. இடப்புருவத்தில் தழும்பு என்று அதில் எழுதியிருந்தது. அதிகாரி சிரித்தானாம்: "வலப்பக்கம்ல இருக்கு! எவன்கிட்டடா திருடுன?"

தப்பு என்னுடையது. எழுத்தரிடம் அடையாளம் சொன்னவள் நான். இருபது வருஷமாக எதிரே நின்று துடைத்த முகம்; என் இடக்கைப் பக்கம்தான் அந்தத் தழும்பு. போதகர் திருத்தி எழுதிய தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். கடற்படை அலுவலகத்தில் இருக்கும் உன் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அம்மா சாகக் கிடந்தபோது நீ வரவில்லை. நான் மறக்கவில்லை. அது கிடக்கட்டும்.

உன் அக்கா,
தபித்தா


ஹாலிஃபாக்ஸ்,
ஏப்ரல் 29

அன்புள்ள அக்காவுக்கு,

தாள் கிடைத்தது. எபனைத் துறையில் பார்த்தேன். இளைத்திருக்கிறான். "சின்னப் பாட்டி" என்று என் கையை விடவே இல்லை. என் வீட்டுக்காரர் தாளைப் படித்துவிட்டு, "உங்கக்காவுக்கு இடம் வலம் தெரியலன்னா ராஜா என்ன பண்ணுவாரு?" என்றார். ஆனாலும் எபனை விட்டுவிடலாம் என்கிறார். கப்பலில் ஆள் குறைவாம். இந்த ஒரு பயணம் போய் வரட்டும், வந்ததும் கையெழுத்துப் போடுவார். அதுவரை தாள் அவர் இழுப்பறையில் பத்திரமாக இருக்கும். கோபித்துக்கொள்ளாதே.

தங்கை,
கெசையா கில்பின்


மார்பிள்ஹெட்,
மே 24

தங்கைக்கு,

தாள் பத்திரம், சரி. பிள்ளை?

நேற்று எங்கள் கடலிலேயே உங்கள் கப்பலும் எங்கள் கப்பலும் மோதின. வேடிக்கை பார்க்க ஊரே கூடைகூடையாகப் பலகாரத்தோடு குன்றேறியது. பக்கத்து வீட்டு மார்த்தா கூப்பிட்டாள்: "வாங்க பாட்டி, நம்மாளுங்க அடிக்கிற அடியப் பாக்கலாம்!"

"எம்பேரன் அந்தக் கப்பல்ல இருந்தா, எந்த அடிக்குக் கை தட்டச் சொல்றடி?"

கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். குண்டு விழ விழக் குன்றின் மேல் கைதட்டல். நான் கதவைச் சாத்திக்கொண்டேன். அவன் அந்தக் கப்பலிலா? உடனே எழுது.

அக்கா


ஹாலிஃபாக்ஸ்,
ஜூன் 11

அக்கா,

எப்படி எழுதுவேன்? அந்தக் கப்பல்தான். உங்கள் ஊர்க் குண்டு பட்டு எபன் போய்விட்டான். ராஜாவின் கொடி போர்த்தி, வேட்டு முழக்கி, மரியாதையாக அடக்கம் செய்தார்கள். அன்று மாலை வெற்றி விருந்து. நாங்கள் போகாமல் இருக்க முடியவில்லை. "வீரனாச் செத்தான்னு உங்கக்காவுக்கு எழுது" என்றார் அவர். மனதைத் தேற்றிக்கொள்.

கெசையா


மார்பிள்ஹெட்,
ஜூலை 2

திருமதி கில்பின் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அவன் வீரனாகச் சாகவில்லை. தன் ஊர்க்காரர்களைக் கொல்ல வெடிமருந்து சுமந்து, அவர்கள் குண்டிலேயே செத்தான். இங்கே போதகர் வந்து, "எதிரி கப்பல்ல செத்தவனுக்குக் கோயில்ல சாவுமணி அடிக்க முடியாதும்மா" என்றார். வாசலோடு அனுப்பிவிட்டேன். உங்கள் கொடியும் எங்கள் மணியும் எனக்கு அழுகிய மீன்குடல்.

இடம் வலம் மாற்றிச் சொன்னது என் தப்பு. அதை நான் சுமப்பேன். திருத்திய தாளைப் படித்துவிட்டு உங்கள் வீட்டுக்காரர் இழுப்பறையைப் பூட்டியது தெரியாமல் செய்த தப்பு இல்லை, தெரிந்தே செய்தது.

விருந்தில் என்ன பரிமாறினார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அந்த மட்டுக்கு நன்றி. இனி எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
தபித்தா டோலிபர்