நடுவுக்கு வா, ராஜா

1938 ஜனவரி 17, திங்கள்

நல்ல பனி. கடைப் பூட்டெல்லாம் ஈரம். தெப்பக் கூட்டம் இன்னும் கலையவில்லை, குளத்துப் பக்கம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரக்கூட வழியில்லை. பக்ரீத் துணிகள் வந்து குவிய ஆரம்பித்துவிட்டன. இன்று முடிக்க வேண்டியவை: வக்கீல் கோட்டுக்குக் காஜா, மெஷினுக்கு எண்ணெய், ஜைனப்பின் ரவிக்கை. கட்டின பெண்டாட்டிக்கு ஒரு ரவிக்கை தைக்க முடியாத தையல்காரன் நான் ஒருத்தன்தான் என்கிறாள்.

ஒன்றிலும் கை ஓடவில்லை. சனிக்கிழமை மாம்பலம் கிளப்பிடம் நம் காலேஜ் தோற்றதே மண்டைக்குள் சுற்றுகிறது. தொடர்ந்து மூன்றாவது தோல்வி. நம் காலேஜ் என்று எழுதுகிறேன், நான் படித்ததென்னவோ ஐந்தாவது வரை. பாஸ்கெட்பால் பையன்களுக்குப் பனியன் தைத்துக் கொடுக்கப் போய் ஒட்டிக்கொண்ட வியாதி.

போன வருஷம் என்ன ஆட்டம் அது! நம் அந்தோணி, பட்டினப்பாக்கத்து மீன்காரர் பிள்ளை. அவனுக்கு நிக்கர் தைத்தால் ஒன்றரை ஆள் துணி பிடிக்கும். ஒவ்வொரு கூடை விழுந்ததும் இரண்டு கட்சியும் நடுவட்டத்துக்கு வரும், ரெஃப்ரி பந்தை மேலே தூக்கிப் போடுவார், அந்தோணி எகிறித் தட்டுவான். பந்து மறுபடி நமக்கே. எதிராளி பந்தைத் தொடுவதற்கே துஆ செய்ய வேண்டும். இந்த வருஷமும் அதே அந்தோணி, அதே ஐந்து பேர். தோற்கிறார்கள். எப்படி?

காரணமாக இருக்கக் கூடியவை. ஒன்று, பச்சைப் பனியன். போன வருஷம் வெள்ளை. அக்குளில் பிடிக்கிறதோ? இரண்டு, யாராவது கண் வைத்திருப்பார்கள். மூன்று, ரெஃப்ரிகள். இந்த வருஷம் எல்லா ரெஃப்ரியும் சோம்பேறிகள். கூடை விழுந்தால் பந்தை நடுவில் போடுவதே இல்லை.

அக்குளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஜன. 19, புதன்

தோல்வி. அதுவும் நம் சொந்த மைதானத்தில், அடையாற்றுப் பையன்களிடம். எழுதவே பிடிக்கவில்லை. எழுதாவிட்டால் தூக்கம் வராது.

அஸர் தொழுதுவிட்டு நேரே போனேன். வழக்கமான இடம், மைதானத்து எல்லைக் கோட்டுக்குப் பக்கத்திலேயே. இந்தப் பக்கம் சோடாக் கடைக் கன்னையன். முதல் கூடை நமக்கு, அந்தோணி போட்டான். உடனே நான் குரல் கொடுத்தேன்: "நடுவுக்கு வா, ராஜா!" கன்னையன் வாங்கிக்கொண்டான், பின்னால் நின்ற காலேஜ் பையன்கள் அத்தனை பேரும் வாங்கிக்கொண்டார்கள். இரண்டு வருஷமாக என் கூப்பாடு இது. இதைக் கேட்டால் அந்தோணி கையை உயர்த்திக்கொண்டு நடுவட்டத்துக்கு நடந்து வருவான். மற்ற நாலு பேரும் அவனைச் சுற்றி இடம் பிடிப்பார்கள். பார்க்கவே மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி இருக்கும்.

இன்றும் வந்தான். வந்து நின்றான். அடையாற்றான் என்ன செய்தான்? கூடைக்குக் கீழேயே பந்தை எடுத்து, கோட்டுக்கு வெளியிலிருந்து உள்ளே எறிந்து, ஒருத்தன் ஓடி, நம் கூடையில் போட்டுவிட்டான். நம்மவர்கள் நடுவில் நிற்கிறார்கள். ரெஃப்ரி விசில் ஊதவில்லை. கள்ளாட்டம்! எனக்கு ரத்தம் கொதித்தது. "யோவ், பந்த நடுவுல போடுய்யா! சம்பளம் வாங்கலே?" என்று கத்தினேன். ரெஃப்ரி திரும்பி என்னைப் பார்த்தார். பைத்தியக்காரனைப் பார்க்கிற மாதிரி.

இதே கதைதான் கடைசி வரை. நான் கூப்பிட, அவன் வர, அவர்கள் ஓட.

திரும்பும்போது கன்னையன் சொன்னான், "பாய், அந்தோணிக்கு யாரோ இன்னாவோ வெச்சிட்டானுங்க. கால் கட்டுனாப்ல கீது." பித்து. ஆனால் எனக்கும் வேறு காரணம் தெரியவில்லை.

ஜன. 20, வியாழன்

வெயில் சுள்ளென்று. டீம் கேப்டன் சீனிவாசன் கடைக்கு வந்தான். மாட வீதிப் பிள்ளை, அடக்கமானவன். ஸ்டூலில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தான். அளவு நாடாவை எடுத்துச் சுற்றினான், பிரித்தான், சுற்றினான். பனியன் பேச்சு என்று நினைத்துக்கொண்டு அக்குள் சமாச்சாரத்தை ஆரம்பித்தேன்.

"பனியன் இல்லே பாய். தப்பா நெனச்சுக்கப்படாது."

"சொல்லுங்க தம்பி."

"சனிக்கிழமை மேட்சுக்கு... நீங்க வரவேண்டாம்னு பசங்க அபிப்பிராயப்படறா."

என் கையில் கத்தரிக்கோல். கீழே வைத்தேன்.

"நான் இன்னா தம்பி பண்ணேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணலே. ராசின்னு ஒண்ணு இருக்கோல்லியோ... நீங்க வந்து நிக்கற அன்னிக்கெல்லாம் தோக்கறோம். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லே பாய். பசங்க கேக்கமாட்டேங்கறா."

போன வருஷமும் நான்தானே வந்து நின்றேன்? அத்தனையும் ஜெயித்தார்களே, அப்போது இந்த ராசி எங்கே போயிருந்தது? கேட்கவில்லை. வாயில் வந்தது வேறு: "அந்தோணியும் அப்படிச் சொன்னானா?" சீனிவாசன் நாடாவை மேஜையில் வைத்துவிட்டு, "நாழியாச்சு, ஆத்துல தேடுவா" என்று போய்விட்டான்.

ஜைனப்பிடம் சொன்னேன். சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "இன்னாங்க, பெரிய மனுசன் நீங்க, பசங்க பந்தாட்டத்துக்குப் போயி இப்படி உக்காந்துகினு கீறீங்க." வெட்கமாக இருந்தது. நாற்பது வயசு. இந்த மைதானத்தை விட்டால் கடையும் வீடும் பள்ளிவாசலும்தான். அங்கே ஒரு மூலையில் நின்று கத்துவதற்கு எனக்கு இடம் இருந்தது. அவ்வளவுதான் இருந்தது.

ஜன. 22, சனி

போகவில்லை.

வக்கீல் கோட்டுக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். பிரித்தேன். மறுபடி அதையே செய்தேன். இந்தத் தொழிலுக்கு வந்ததிலிருந்து இப்படி நடந்ததில்லை.

இருட்டுகிற நேரம் கன்னையன் ஓடி வந்தான். "பாய்! கெலிச்சிட்டோம்! நைனா, இன்னா ஆட்டம்ங்கிறே!" எகிறிக் குதித்தான். நானும் எழுந்து அவனைக் கட்டிக்கொண்டேன். நிஜமாகவே சந்தோஷம். இரண்டு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. நான் இல்லாததால் கெலித்திருக்கிறார்கள்.

"நீ கத்துனியா?" என்றேன்.

"நீ இல்லாம இன்னா கத்தறது பாய்? சொம்மா பாத்துகினு இருந்தேன்."

ஆக ராசி உண்மையா? படைத்தவன் ஒருத்தன் இருக்க, என் கால் பட்டால் பந்து கூடையில் விழாது என்று நான் நம்புவதா? நம்பக் கூடாது. ஆனால் கெலித்துவிட்டார்களே. சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன். ஜைனப்பிடம் வயிறு சரியில்லை என்றேன்.

ஜன. 24, திங்கள்

ஊசி ஒடிந்தது. மூர் மார்க்கெட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டும்.

காலேஜ் டிரில் மாஸ்டர் கோட்டு அளவு கொடுக்க வந்தார். தோளளவு எடுக்கும்போது தாங்க முடியாமல் கேட்டுவிட்டேன், ரெஃப்ரிகள் ஏன் நடுவில் பந்து போடுவதில்லை என்று.

அவர் கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியாதா பாய்? இந்த வருஷம் சட்டம் மாறிப்போச்சு. ஆட்டம் ஆரம்பிக்கறப்போ நடுவுல போடறதோட சரி. கூடை விழுந்தா, விழ விட்ட கட்சி கோட்டுக்கு வெளியே நின்னு பந்தை உள்ளே போட்டு ஓடிக்கிட்டே இருக்க வேண்டியதுதான். நிக்கவே கூடாது."

"பசங்களுக்குத் தெரியுமா சார்?"

"சீசன் ஆரம்பத்துலேயே சொல்லியாச்சு. மண்டைக்குத் தெரியும். காலுக்குத் தெரிய மாட்டேங்குது. கூடை விழுந்ததும் பழக்கத்துல எல்லாரும் நடுவுக்குப் போயிடறாங்க. சனிக்கிழமைதான் ஒழுங்கா ஓடினாங்க."

நாடா என் கையில் அப்படியே நின்றது. அவர் சொன்னார், "என்ன பாய், கழுத்தளவு வேண்டாமா?"

எடுத்தேன். என்ன எழுதினேனோ, நாளை மறுபடி கூப்பிட்டுத்தான் அளக்க வேண்டும்.

ராசி இல்லை, கண் இல்லை, பச்சைப் பனியன் இல்லை. என் வாய். ஓட வேண்டிய பிள்ளைகளை ஒவ்வொரு கூடைக்கும் நானே கூப்பிட்டு நடுவில் நிறுத்தியிருக்கிறேன். ஊரையும் சேர்த்துக்கொண்டு.

சீனிவாசனுக்கு இது தெரியும்தானே? தெரிந்துதான், "உங்க கூப்பாட்டால் தோற்கிறோம்" என்று முகத்துக்கு நேரே சொல்ல மனம் வராமல் ராசி என்று சொன்னானா? இல்லை, ராசியையே நம்புகிறானா? எது எனக்கு நல்லது? முதலாவது என்றால் மரியாதை. இரண்டாவது என்றால் மடத்தனம். மரியாதைதான் அதிகம் வலிக்கிறது, ஏன் என்று தெரியவில்லை.

ஜன. 26, புதன்

ஜைனப் சொல்கிறாள், "அப்ப போயி வாய மூடிகினு பாத்துட்டு வாங்க. யாரு வேணாங்கறது?" எவ்வளவு சுலபம். ரவிக்கை முடிந்தது. கை கொஞ்சம் இறுக்கம், சொல்லவில்லை.

சனிக்கிழமை மாம்பலம் கிளப்போடு கடைசி மேட்ச். அந்தோணிக்குக் காலேஜில் இதுதான் கடைசி வருஷம். பரீட்சை முடிந்தால் பையன் எங்கே போவானோ. அவன் ஆடி நான் பார்ப்பது இனிமேல் இல்லை.

போவேன். வாயைத் திறக்க மாட்டேன்.

ஜன. 29, சனி

போனேன்.

வழக்கமான இடத்துக்குப் போகவில்லை. காம்பவுண்டுச் சுவரோரம் தூங்குமூஞ்சி மரத்தடியில், கூட்டத்துக்குப் பின்னால். கன்னையனிடம் முன்பே சொல்லிவைத்தேன், மூச்சு விடக் கூடாது என்று. நான் வந்தது யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். எல்லார் தலைக்கும் மேலே பார்க்கிற உயரக்காரன் ஒருத்தன் ஆட்டத்திலேயே இருக்கிறான் என்பது தோன்றவே இல்லை.

முதல் கூடை அந்தோணிதான். தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. துண்டை வாயில் அழுத்திக்கொண்டேன். அந்தோணி ஓடவில்லை. நின்றான். மரத்துப் பக்கம் திரும்பினான். "ஓடுடா, ஓடுடா" என்று மனசுக்குள் அடித்துக்கொள்கிறேன், வெளியே சத்தமில்லை. மாம்பலத்தான் பந்தைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டான். அடுத்ததற்கும் அப்படியே. இரண்டாம் பாதியிலும் அப்படியே. மற்ற நாலு பேரும் ஓடுகிறார்கள், இவன் ஒருத்தன் மட்டும் ஒரு கணம் நின்று திரும்புகிறான். எனக்கு ஒன்றுமே புரியவில்லை.

ஒரே ஒரு கூடையில் தோல்வி.

கூட்டம் கலைந்தபின் நேரே மரத்தடிக்கு வந்தான். பனியன் பிழிகிற மாதிரி நனைந்திருந்தது.

"இன்னா பாய், வாயே தொறக்கல?"

"டிரில் மாஸ்டர் சட்டம் சொன்னாரு அந்தோணி. நடுவுக்கு வரக்கூடாதாமே. நான் கத்துனா நீ வந்துடறே. அதான்..."

"சட்டம் எனக்குத் தெரியாதா? போன சனிக்கெழம நீங்க வரல. சரின்னு ஓடிட்டேன். இன்னிக்கி வந்து நின்னுகினு சும்மா பாக்கறீங்க. நம்மள வுட்டுட்டாரோன்னு ஆயிப்பூட்சி. இந்தக் கூடைக்குக் கத்துவாரு, இந்தக் கூடைக்குக் கத்துவாருன்னு ஒவ்வொண்ணுக்கும் நின்னு பாத்தேன் பாய்."

தோளில் கை வைக்கலாம் என்றால் எட்டவில்லை. துண்டைக் கொடுத்தேன், முகத்தைத் துடைத்துக்கொண்டான். டிராம் வரைக்கும் கூடவே வந்தான்.

இப்போது வீட்டில். ஜைனப் சுக்கு தட்டிப் போட்டு வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள், வழக்கமாக மேட்ச் அன்று வைப்பது. இன்றைக்கு வேண்டாம், நான் கத்தவில்லை என்றேன். ஆனால் தொண்டை வலிக்கிறது.