தம்பியின் லெதர் ஜெர்கின்

9 ஜூன் 2025, திங்கள்

தென்னரசு பைக்கிலேயே லடாக் போகப் போகிறானாம். திண்டிவனம் வெயிலில் லெதர் ஜெர்கினை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றான். கழுத்துப் பட்டன் பிய்ந்து கையோடு வந்துவிட்டது. "அக்கா, நீ விழுப்புரத்துலதான வேலை செய்யற, சரிபண்ணிக்கினு வா"ன்னு என் தலையில் கட்டிவிட்டான். நாற்பது வயதில் தம்பிக்கு எடுபிடி.

10 ஜூன்

டெய்லர் தொடவே மாட்டேன் என்றார். இது அழுத்தினால் பூட்டிக்கொள்கிற பிரஸ் பட்டன், ஊசி நூல் வேலை இல்லையாம். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பை ரிப்பேர் கடை. கடைக்காரர் பெயர் மணிமாறன். தோலுக்கு மேலே பட்டனின் ஒரு பாதி, கீழே ஒரு பாதி வைத்து, இரும்பு அச்சை நிறுத்தி, சுத்தியால் ஒரே அடி. கல்லு மாதிரி நின்றது.

டீ வாங்கிக் கொடுத்தார். "நான் ஒண்டிக்கட்டைங்க, பேச்சுத் துணைக்கு இந்தச் சுத்திதான்" என்றார். அவர் கேட்காமலே, என் வீட்டுக்காரர் தவறிப்போய் ஆறு வருஷம் ஆச்சு என்றேன். எதுக்குச் சொன்னேன்?

12 ஜூன்

பஸ் அந்தக் கடை வழியாகத்தான் போகிறது. குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

16 ஜூன்

கட்டிங் பிளேயரால் இரண்டாவது பட்டனை நானே பிடுங்கினேன். சே, என்ன பொம்பள நான். ஆனால் சிரிப்பும் வந்தது.

17 ஜூன்

ஜெர்கினோடு மறுபடி கடைக்குப் போனேன். மணிமாறன் பட்டன் இருந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குக் காது சுட்டது. "தம்பி கொஞ்சம் முரடன்" என்றேன். "ம்" என்று புதுப் பட்டன் அடித்தார். ஸ்கேன் சென்டரில் நான் டோக்கன் கூப்பிடுகிற கதையெல்லாம் கேட்டார். இரண்டு பஸ்ஸை விட்டேன். இப்படிச் சிரித்து எத்தனை நாள் ஆச்சு.

18 ஜூன்

தம்பி ஒருதரம் அழுத்தினான் – புதுப் பட்டன் கையோடு வந்துவிட்டது. "யாருக்கா இந்த வேலை செஞ்சது?"

எனக்குத்தான் அவமானம். போன வாரம் ஒரே அடியில நின்னுச்சே. என் வேலைன்னா இளக்காரமா? பல்லைக் காட்டிக்கினு பேசுனா இப்படித்தான்.

19 ஜூன்

கடை வாசலிலேயே கேட்டுவிட்டேன். "என்னங்க வேலை இது? சனிக்கிழமை அவன் கிளம்பணும்."

சுத்தியைக் கீழே வைத்தார். "வேணும்னுதான் லூசா அடிச்சேங்க. நீங்க மறுபடி பிளேயரைத் தேடிக்கினு கஷ்டப்பட வேணாமேன்னு."

ஜெர்கினை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் காதும் சிவந்திருந்தது. பட்டனை இந்தத் தடவை கெட்டியாக அடித்துக் கொடுத்தார்.

"டீ சொல்லட்டுங்களா?"

"சொல்லுங்க."

21 ஜூன், சனி

தம்பி கிளம்பிவிட்டான். ஜெர்கினும் போச்சு. இனி எதைத் தூக்கிக்கொண்டு அந்தக் கடைக்குப் போவேன்? சும்மா போனால் தெருவே பேசும். அம்மாவிடம் என்ன சொல்வது? ஒரே பேஜாராக இருக்கிறது.

22 ஜூன், ஞாயிறு

சென்டர் லீவு. குளித்துப் புடவை கட்டினேன்.

"லீவு நாள்ல எங்கடி?" என்றாள் அம்மா.

"விழுப்புரம். மணிமாறன்னு ஒருத்தர். பை ரிப்பேர் கடை வச்சிருக்காரு. அவரைப் பார்க்கப் போறேன்."

அம்மா அரிசி களைவதை நிறுத்தினாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். மறுபடி களைய ஆரம்பித்தாள்.

"வெயில் ஏர்றதுக்குள்ள கெளம்பு" என்றாள்.