டிராகனுக்கு முதலில் தெரிந்த சேதி

என்னங்க,

நீங்கள் போய் மூன்று வருடமாகியும் உங்களை இப்படிக் கூப்பிடும் பழக்கம் போகவில்லை. இதை யார் படித்தாலும் எனக்கு வெட்கமில்லை. எனக்கு ஒரு டிராகன் மேல் பொறாமை.

நீங்களும் நம் மகள் இனியாவும் கொண்டாடிய கார்ட்டூன் படத்து நீல டிராகன்தான். அதற்குப் பேச வராது. தும்மினால் தீப்பொறி பறக்கும். அதற்கே இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை குழம்பு ஆறிக்கொண்டிருக்கும். சாப்பிடக் கூப்பிட்டால், "இரு தனம், இப்பதான் பறக்கப் போவுது" என்பீர்கள்.

செராமிக் கம்பெனியில் பொம்மைகளுக்குக் கண் வரைகிறவள் நான். அங்கேயே வேலை பார்த்த நீங்கள் அந்த டிராகனை மண்ணில் செய்து சுட்டு எடுத்து வந்தபோது, கண் வரைய என்னிடம் தரவில்லை. இனியாவிடம் தந்தீர்கள். ஒரு கண் பெரிதாக, ஒரு கண் சிறிதாக வரைந்தாள். "இதுதான்டி அழகு" என்றீர்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

படத்தின் மூன்றாம் பாகம் பார்க்க அவளைப் பாண்டிச்சேரிக்கே அழைத்துப் போனீர்கள். "ஒனக்குதான் புடிக்காதே" என்று என்னை விட்டுவிட்டீர்கள். இரண்டு நாள் உங்களோடு நான் பேசவில்லை.

போன மாதம் நான்காம் பாகம் வந்தது. இனியா அவள் சித்தப்பாவைக் கூப்பிட்டாள்.

"ஏன், நான் வரக்கூடாதா?"

"ஒனக்குக் கதையே தெரியாதேம்மா."

அந்த வீம்பில்தான் மூன்றாம் பாகத்தைப் போனில் போடச் சொன்னேன். டிராகனுக்குச் சிறகில் காயம். அதை மறைத்துக்கொண்டு, தன்னோடு வந்த சிறுமியை அவள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத் தனியாகப் பறந்துபோகிறது.

"இங்கதாம்மா அப்பா அழுதாரு" என்றாள் இனியா.

"யாரு, உங்கப்பாவா?" உங்கள் அம்மா இறந்த அன்றுகூட என் முன்னால் நீங்கள் அழவில்லையே.

"ஆமா, தேம்பித் தேம்பி அழுதாரு. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு நேரா தியேட்டருக்குதான போனோம். அம்மாகிட்ட சொல்லாதன்னாரு."

அன்று நீங்கள் போனது ரிப்போர்ட் வாங்கவா? என்னிடம் சொன்னது பத்து நாள் கழித்து. அதுவும் சிரித்துக்கொண்டே. "சின்னக் கட்டிதான், கரைச்சிடலாம்னு சொல்றாங்க."

அந்தப் பத்து நாளில் இரண்டு நாளை நான் முகத்தைத் திருப்பிக்கொண்டே கழித்திருக்கிறேன். ஏங்க, தியேட்டர் இருட்டில் ஒரு டிராகனைப் பார்த்துக் கொட்டிய கண்ணீரை என்னிடம் கொட்டினால் என்ன? நான் தாங்கமாட்டேன் என்றா? நான் அழுதால் நீங்கள் தாங்கமாட்டீர்கள் என்றா?

மகள் மேலும்தான் பொறாமைப்பட்டேன். உங்கள் அழுகையை அவள் பார்த்திருக்கிறாள், நான் பார்க்கவில்லை.

கடைசியில் நான்காம் பாகத்துக்கு நாங்கள் இருவரும்தான் போனோம். டிராகன் கிழடு தட்டி அந்த வாசலுக்குத் திரும்பி வருகிறது. நான் வாய்விட்டே அழுதுவிட்டேன்.

"அம்மா, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். அப்பா நெனப்பு வந்துடுச்சி."

அவ்வளவுதான், இனியாவும் என் மடியில் கவிழ்ந்து அழுதாள். உங்களைத் தூக்கிக்கொண்டு போன அன்று அழாத பிள்ளை.

"நான் அன்னிக்கே ஒன்கிட்ட சொல்லியிருந்தா அப்பா பொழச்சிருப்பாராம்மா?"

எட்டு வயதில் விழுந்த கேள்வியை மூன்று வருடமாகத் தனியாகச் சுமந்திருக்கிறாள். "இல்லடி தங்கம், இல்ல" என்று படம் முடிந்து விளக்கு போட்ட பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பொறாமை தீர்ந்துவிட்டதாக நினைக்காதீர்கள். அது அப்படியேதான் இருக்கிறது. ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். இனி எனக்கு எது வந்தாலும் முதலில் இனியாவிடம் சொல்வேன். அவள் எதிரிலேயே அழுவேன். 'யாரிடமும் சொல்லாதே' என்று எதையும் அவள் தலையில் ஏற்றமாட்டேன்.

உங்கள் மேல் கோபம் ஆறாத மனைவி,
தனலட்சுமி