ரேவதி முடியும் வரை

வியாழக்கிழமை. ரேவதி, நாளை காலை ஏழே கால் வரை.

குழாய் எதுவும் வேண்டாம் என்று அப்பா எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதம் டாக்டரிடம் இருக்கிறது. அவசரத்தில் போட்ட வென்டிலேட்டரை ஞாயிற்றுக்கிழமையே எடுத்துவிடலாம் என்றார் அவர். நான்தான் பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். அன்று அவிட்டம். அவிட்டம் முதல் ரேவதி வரை உயிர் போனால் அடைப்பு. வீட்டை மாதக்கணக்கில் பூட்டிப்போட வேண்டும். ஆஸ்பத்திரியில் போனாலும் தப்பாது என்றுவிட்டார் புரோகிதர். என் மகளோ பிரசவத்துக்கு எங்கள் அக்ரஹார வீட்டுக்கு வந்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை வரை வைத்திருக்கச் சொன்னேன்.

இன்று சாயங்காலம் போய்ப் பார்த்தேன். குழாயைப் பிடுங்கப் பார்த்தாராம்; இரண்டு கைகளையும் கட்டில் கம்பியோடு துணியால் கட்டியிருந்தார்கள். மணிக்கட்டு கன்றிப்போயிருந்தது.

"ஏண்ணா, அப்பா நம்மகிட்ட கேட்டது இது ஒண்ணுதானே?" என்றாள் தங்கை.

"இன்னும் ஒரு ராத்திரிதானேடி."

"உன் தொண்டையிலே குழாயைச் சொருகிண்டு அந்த ஒரு ராத்திரி படுத்துப் பாரேன்."

அப்பா கண்ணைத் திறந்து என்னையே பார்த்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

சற்று முன் டாக்டர் போன் செய்தார். நாடி இறங்கிக்கொண்டே வருகிறதாம். இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தி ஓடவைக்கவா, இந்த வயதில் விலா எலும்பு முறியும் என்றார். அழுத்துங்கள் என்றேன்.

அப்பா பிழைக்க வேண்டும் என்று இத்தனை நாளில் நான் ஒருமுறைகூட வேண்டவில்லை. இப்போதுதான் பெருமாள் படத்தின் முன் விழுந்து வேண்டிக்கொண்டு வந்தேன். காலை ஏழே கால் வரை.