பாறைமேல் பூத்த வெள்ளை

மாசி 5, ஞாயிறு

விடியலில் தூறல். எங்கள் ரப்பர் தோட்டத்துத் துரை லேடாங் மலை ஏறினார். மலாய் பேசும் கணக்குக் கிராணி என்று என்னையும் இழுத்துக்கொண்டார். என் மூச்சுச் சத்தத்தில் குரங்குகள் ஓடின.

உச்சிக்குச் சற்றுக் கீழே மரமெல்லாம் இடுப்பளவுதான். மண் இல்லை. வெள்ளைக் கல், பாசி, மேகம். கல்லிடுக்கில் ஒரு செடி. தடித்த இலை, கொத்தாக நீண்ட வெள்ளைப் பூ, தொண்டையில் இளஞ்சிவப்பு. மல்லிகைக்கு ஒன்றுவிட்ட அக்காள். எதைத் தின்று இப்படிப் பூக்கிறது? வழிகாட்டி அமாட்டுக்கும் பெயர் தெரியவில்லை.

மகள் செல்லமும் வரக் கேட்டிருந்தாள். "வயசுக்கு வந்த புள்ள மலை ஏறுறதா?" மனைவி அஞ்சலை ஒரே போடு. வீட்டில் நான் எப்போது துரை? மகளுக்குப் பதிலாக அந்தச் செடியில் ஒரு கன்று, சாக்கில் சுற்றி, வீட்டுக்கு.

மாசி 6, திங்கள்

வெயில். வாசலில் மல்லிகை பக்கம் நட்டாயிற்று. சாணி எரு, கழுநீர். லயத்துப் பெண்கள் ஆளுக்கொரு செம்பு.

செல்லம் ஒன்றும் ஊற்றவில்லை. "மேகத்துக்குள்ள நின்னா எப்படிப்பா இருக்கும்?"

"புகை மாதிரி."

"ரப்பர் பொகைவீடு மாதிரியா?"

என் நாலாம் வகுப்புத் தமிழ் அதற்குமேல் எட்டவில்லை.

மாசி 14, செவ்வாய்

மழை. இலை மஞ்சள், மொட்டு உதிர்கிறது. அடுத்த வீட்டு முனியம்மாக்கா: "எரு பத்தல கிராணியாரே." இன்னொரு கூடை போட்டேன்.

மாசி 18, சனி

தோண்டினேன். வேர் பாதி அழுகல். கல்லில் வாழ்ந்ததற்கு விருந்து வைத்தே கொல்கிறேன்.

அஞ்சலைக்குப் பயம். "மலையில இருந்து வந்தது நம்ம வாசல்ல சாகக்கூடாதுங்க. திருப்பி வச்சிட்டு வாங்க."

"சரி."

அடுப்பை ஊதினாள். பிறகு, "அவளும் வந்து வைக்கட்டும். ஆசப்பட்டவ அவதானே."

மாசி 19, ஞாயிறு

வெளுத்த வானம். அமாட் முன்னால், செல்லம் நடுவில், நான் எங்கோ பின்னால். "அலமாக், கிராணி, மகள் ஆடு மாதிரி ஏறுது லா" என்று வியந்தான் அமாட்.

கன்றைப் பாசியில் வைத்தோம். பிழைக்குமோ, தெரியாது. சுற்றிலும் அதன் சொந்தங்கள், பாறை பாறையாக வெள்ளை. செல்லம் ஒன்றையும் பறிக்கவில்லை. ஒவ்வொன்றாகக் குனிந்து முகர்ந்தாள். மேகம் வந்தது. கையை நீட்டிப் பார்த்தாள்.

"பொகை மாதிரி இல்லப்பா."

உச்சி கூப்பிடு தூரம். என் முழங்கால் வேலைநிறுத்தம்.

"நீங்க உக்காருங்க. நான் பாத்துட்டு வந்து சொல்றேன்."

உட்கார்ந்தேன்.