அடெரிட்டோ பேரில் நிற்கும் மரங்கள்

மவுபிஸ்ஸி,
மழைக்காலத் தொடக்கம்.

அன்பு மிகுந்த ஸெலியா அப்பாவுக்கு, எர்மெலிந்தா எழுதிக்கொள்வது.

நானும் ஸெலியாவும் உங்கள் அப்பாவும் சுகம். குதிரையும் சுகம். உங்கள் சுகத்தை நான் விசாரிக்கவே வேண்டியதில்லை. போனில் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நாலு தடவை இருமுகிறீர்கள். கேட்டால், "குளிர் ரூம்ல நின்னு கோழி வெட்டுறேன், சளி பிடிக்காம என்ன பண்ணும்" என்கிறீர்கள். சளி இத்தனை மாதமா இருக்கும்? யாருக்குக் காது குத்துகிறீர்கள்?

போனை விட்டுவிட்டு இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று உங்களுக்குத் தோன்றும். பெலிஸ்மினா அக்கா மகள் அயர்லாந்தில் உங்கள் தொழிற்சாலைக்கே வேலைக்கு வருகிறாள். அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். நம் ஊரில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் நம் தோப்பு மேடு. நான் சொல்லப் போவதோ அந்த மரங்களைப் பற்றி. அவற்றின் நடுவே நின்றுகொண்டு அவற்றைப் பற்றிப் பேச எனக்கு நா எழவில்லை.

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். காப்பி இந்த முறை மோசமில்லை. ஸெலியா பள்ளிக்கூடத்தில் வாயாடி என்று பெயர் வாங்கியிருக்கிறாள், என் மகள் வேறு எப்படி இருப்பாள்? உங்கள் அப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. ஆனாலும் அவித்த சோளத்தை விடுவதாக இல்லை. அடுப்படிக்கு மேலே கூரைத் தகரம் மாற்றியாயிற்று.

இனி மரம். கார்பன் திட்டத்து ஆள், ஜோவனில் என்கிறவர், வந்து கூட்டம் போட்டபோது நீங்களும் இருந்தீர்கள். "வெளிநாட்டுக்காரங்க விடுற மூச்சு, அவங்க வண்டி விடுற புகை, எல்லாத்தையும் உங்க மரம் தின்னு உள்ள வச்சுக்கும். தின்னத் தின்ன அவங்க காசு அனுப்புவாங்க. நீங்க வெட்டாம இருந்தா போதும்" என்று அவர் சொன்னது நினைவிருக்கும். அதன் பிறகு நீங்கள் விமானம் ஏறிவிட்டீர்கள். இனி யாரும் மரம் வெட்டக் கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு போட்டுத் தடைக் கம்பம் நட்டது அதற்கும் பிறகு. அன்றைக்கு நடந்ததை உங்களிடம் யாரும் சொல்லவில்லை.

கம்பத்தில் எருமைத் தலையைக் கட்டித் தொங்கவிட்டதும், சடங்கு நடத்துகிற வாக்குக்காரர் மவு லெக்கி வழக்கம்போல வீட்டுக்கு ஒரு பெயர் கேட்டார். அந்தந்த வீட்டு மரங்களுக்குப் பிணை நிற்கிற பெயர். எப்போதும் வீட்டுப் பெரியவர் எழுந்து தன் பெயரைச் சொல்லிவிட்டு உட்காருவார். அன்றைக்கு ஒருத்தரும் எழவில்லை. மரம் மூச்சைத் தின்னும் என்று ஜோவனில் வாயாலேயே கேட்டிருக்கிறார்களே, யார் துணிவார்? கடைசியில் ரொஜேரியோ மாமாதான் வழி கண்டுபிடித்தார். "அவங்க பேசியிருக்கிறது வெளிநாட்டு மூச்சுக்குத்தானே? என் மவன் நத்தாலினோ அங்கதான மூச்சு விடுறான். அவன் பேரை வச்சுக்கோ. கடல் தாண்டிப் போயி இது அவனைப் பிடிக்கவா போகுது?" என்றார். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. உடனே உங்கள் அப்பா ஏதோ பரிசு வாங்கப் போகிறவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்து, "எங்க வீட்டுக்கு அடெரிட்டோ" என்றார். வெளிநாட்டில் ஆள் இல்லாத வீட்டார் செத்தவர்களின் பெயரைச் சொன்னார்கள்.

செத்தவர் பேரில் நிற்கிற மரங்கள் இன்றைக்கும் நோஞ்சான்தான். நத்தாலினோ பேரிலும் உங்கள் பேரிலும் நிற்பவற்றை நீங்கள் பார்க்க வேண்டும். ஒரே மண், ஒரே மழை, ஒரே நாளில் நட்ட மஹோகனி. ஜோவனில் அளக்கக் கொண்டுவந்த நாடா நம் மரத்தைச் சுற்றி எட்டவில்லை. "அக்கா, பாட்டன் காலத்து மரம் மாதிரி இருக்கு, என்ன உரம் போட்டீங்க?" என்று கேட்டார். "உன் தலை" என்றேன். அவரோடு வந்த வெள்ளைக்கார அம்மா மரத்தைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். பிறகு சட்டென்று கையை எடுத்துவிட்டு ஏதோ சொன்னார். என்னவென்று ஜோவனிலைக் கேட்டேன். "உள்ள ஏறி இறங்குதாம்" என்று சொல்லிச் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை.

எனக்கும் அது தெரியும். தோப்புக்குள் காற்றே வருவதில்லை, ஆனால் இலைகள் ஒரே சீராக எழும்பும், தாழும். குருவி ஒன்றுகூட உட்காருவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை உங்களோடு பேசும்போது நீங்கள் இருமினீர்கள், என் தலைக்கு மேலே கிளைகள் குலுங்கின. சார்ஜ் தீர்ந்து போன் அணைந்துவிட்டது. ஸெலியா அப்பா, போன் அணைந்த பிறகும் அந்த இருமல் கேட்டது. மேலேயிருந்து கேட்டது. நான் செருப்பைக்கூட எடுக்காமல் ஓடிவந்தேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு, இவளுக்குப் பைத்தியம் முற்றிவிட்டது என்று நினைத்தாலும் சரி. டாக்டரிடம் போய் நெஞ்சைக் காட்டுங்கள். நத்தாலினோவையும் கூடவே அழைத்துப் போங்கள், அவனும் உங்களோடுதானே தங்கியிருக்கிறான். இரண்டு பேருக்கும் எந்தக் குறையும் வராமல் மாதா காப்பாற்றட்டும்.

உங்கள் வரவை எண்ணிக் காத்திருக்கும்,
எர்மெலிந்தா


மவுபிஸ்ஸி,
காப்பி பூக்கும் சமயம்.

என் கண்ணான ஸெலியா அப்பாவுக்கு,

நத்தாலினோவின் உடல் வந்து சேர்ந்தது. அடக்கம் நல்லபடியாக முடிந்தது. படுக்கப் போனவன் படுத்தபடியே போய்விட்டான் என்றும், டாக்டர்களால் ஒரு காரணமும் சொல்ல முடியவில்லை என்றும் நீங்கள் சொன்னதை ரொஜேரியோ மாமாவிடம் அப்படியே சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துத் தன் தோப்புக்கு இழுத்துக்கொண்டு போனார். மகன் போன வாரத்தில் அவருடைய மரங்கள் அத்தனையும் குப்பென்று துளிர்த்திருக்கின்றன, பருவமே இல்லாமல். "பாரும்மா, என் புள்ள எவ்வளவு பச்சையா இருக்கான் பாரு" என்றார்.

அங்கிருந்து நேரே மவு லெக்கி வீட்டுக்குப் போனேன். வாயில் வந்தபடியெல்லாம் ஏசினேன். மனிதர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்டார். பிறகு சொன்னார்: "தப்பு நடந்துபோச்சு தாயி. பேரை அவனவன் வாயால சொல்லணும். அங்க இருக்கிறவன் பேரை இங்க இருக்கிறவன் சொன்னா, மரத்துக்கு அளவு தெரியாது. போதும்னு சொல்ல ஆள் இல்லையே." எங்கள் மரங்களை வெட்டிப் போட்டுவிடுகிறேன், திட்டமாவது மண்ணாவது என்றேன். "வெட்டினா உள்ள போன மூச்சும் அதோட போயிரும். உன் புருஷன் பாதி அதுக்குள்ளதான இருக்கான்" என்றார். பெயரை எடுக்க முடியாது, மாற்றத்தான் முடியும், அதுவும் அதே அடுப்பில் சாப்பிடுகிற ஒருவர் தன் வாயாலேயே சொன்னால்தான் என்றார்.

உங்கள் அப்பாவுக்கு எப்படித்தான் காதில் விழுந்ததோ, நான் தோப்புக்குப் போவதற்குள் அவர் அங்கே நின்றுகொண்டிருந்தார். "இந்த வாய்தானே சொல்லிச்சு, இதுவே எடுத்துக்கட்டும். என்னை எடு! என்னை எடு!" என்று தன் பெயரைச் சொல்லிச் சொல்லி மரத்தில் முட்டிக்கொண்டு அழுதார். ஒரு இலைகூட அசையவில்லை. மவு லெக்கி அவரைத் தோளோடு அணைத்து விலக்கினார். "அண்ணே, கிழவன் மூச்சு அதுக்குக் காணாதுண்ணே" என்றார். அப்பாவைத் திட்டாதீர்கள். அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதே இல்லை.

பிறகு நான் சொன்னேன். எர்மெலிந்தா என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். தோப்பு முழுக்க எழும்பித் தாழ்ந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போனில் ஒரு தடவைகூட இருமவில்லை. "மருந்து கேட்குது எர்மெலிந்தா, மாடிப்படி ஓடியே ஏறுறேன்" என்று எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னீர்கள்! நானும் ஆமாம், மருந்துதான் என்றேன். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே அழுதேன். இதையெல்லாம் உங்களிடம் சொல்லவே கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் ஊருக்கு வர டிக்கெட் போட்டுவிட்டதாகச் சொல்கிறீர்களே, சொல்லாமல் எப்படி இருப்பது?

நானே சொன்னதால் அளவோடுதான் எடுக்கும் என்கிறார் மவு லெக்கி. இருக்கலாம். சந்தைக்குப் போக இப்போது குதிரை வேண்டியிருக்கிறது, தண்ணீர்க் குடத்தை ஸெலியா தூக்கிக்கொள்கிறாள், அவ்வளவுதான். இந்தக் கடிதத்தையும் ஒரே மூச்சில் எழுதவில்லை, விட்டு விட்டுத்தான் எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் கேலி செய்யாதீர்கள். ஜோவனில் மறுபடி வந்து அளந்தார். நம் தோப்பைத்தான் எல்லா ஊருக்கும் காட்டப் போகிறார்களாம்.

வாருங்கள். உங்களைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஆனால் தோப்பு மேட்டுக்கு மட்டும் ஏறாதீர்கள். உங்களை எனக்குத் தெரியும். பெட்டியைக்கூட இறக்கி வைக்காமல் நேரே அங்கே போய் நின்று உங்கள் பெயரைச் சொல்லிவிடுவீர்கள். ஸெலியா தலையில் அடித்துக் கேட்கிறேன், சொல்லாதீர்கள். நம் இரண்டு பேரில் ஒருத்தர் அவளுக்கு முழுசாக வேண்டும். அது யார் என்று நான் முடிவு செய்தாயிற்று. இதில் என்னோடு சண்டைக்கு வராதீர்கள். நான் சண்டை போடுகிற நிலையில் இல்லை.

எனக்காக ஒன்றே ஒன்று செய்யுங்கள். காலையில் கண் விழித்ததும் எழுந்து உட்கார்ந்து, நெஞ்சு நிறைய ஒரு தடவை மூச்சை இழுத்து விடுங்கள். ஆண்டவர் உங்களுக்கு அதை நூறு வயது வரை தரட்டும்.

உங்கள் மேல் உயிரையே வைத்திருக்கும்,
எர்மெலிந்தா